ஆராய்ச்சிக்குப் புறப்படும் செஞ்சிப் பிள்ளைகளுக்கு

எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், பி.எச்.டி. பண்ணலாமா?" வேதியியல், உயிர்வேதியியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் என்று பாடம் மாறும், மேல்மலையனூர், வல்லம், அவலூர்ப்பேட்டை, அனந்தபுரம் என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. இவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். கெட்டிக்காரத்தனத்தில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது, உதவித்தொகை எவ்வளவு, இந்தக் கைடிடம் சேர்ந்தால் எத்தனை வருடத்தில் முடியும் என்றெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்காமல் நின்றுவிடுகிறார்கள். பெரியவர்களைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம்தான். ஆராய்ச்சிப் படிப்பில் அந்தக் கூச்சம் வாழ்க்கையில் ஐந்தாறு ஆண்டுகளைத் தின்றுவிடும். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. எதற்காகப் பி.எச்.டி. என்பதை முதலில் தீர்மானம் செய்யுங்கள். கல்லூரி ஆசிரியர் வேலைதான் குறி என்றால், உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றே அடிப்படைத் தகுதி என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. ஆக்கிவிட்டது. பி.எச்.டி. கட்டாயம் இல்லை. பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு அது தேவையே இல்லை. வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று சேர்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, ஒரு உயிரணு ஏன் அப்படிச் செய்கிறது என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் வாருங்கள். உங்களுக்கு இடம் உண்டு.

2. ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். கரிம வேதியியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். நேற்று மாலை குடுவையில் ஏற்றிய வினை இரவெல்லாம் காந்தக் கலக்கியின் மேல் சுழன்றிருக்கும். காலையில் ஒரு சொட்டை நுண்குழாயில் எடுத்து டி.எல்.சி. தகட்டின் அடியில் புள்ளி வைத்து, ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் கலந்த சின்னக் கண்ணாடி ஜாடிக்குள் நிறுத்துவீர்கள். கரைப்பான் மேலேறியதும் தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால், ஒரு புள்ளி தெரிய வேண்டிய இடத்தில் நான்கு தெரியும். அவற்றைப் பிரிக்கச் சிலிகா ஜெல் நிரப்பிய காலம் போட வேண்டும். மதியம் முழுவதும் சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒவ்வொன்றையும் மறுபடி தகட்டில் வைத்துப் பார்த்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துக் கரைப்பானை ரோட்டாவேப்பில் ஓட்டி எடுத்தால், குடுவையின் அடியில் சில மில்லிகிராம் மிஞ்சும். அதை டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் கரைத்து, என்.எம்.ஆர். கருவிக்கு வரிசையில் காத்திருந்து நிறமாலை வாங்கினால், நீங்கள் எதிர்பார்த்த சேர்மம் அது இல்லை என்று அது சொல்லும். மறுநாள் வேறு வெப்பநிலையில் மறுபடி தொடங்குவீர்கள்.

உயிரியல் பக்கமும் இதே கதைதான். வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஊடகம் மாற்ற நீங்கள் போக வேண்டும். வாரக்கணக்கில் வளர்த்ததில் பூஞ்சை பிடித்தால் மொத்தத்தையும் ஆட்டோகிளேவில் போட்டுக் கொட்ட வேண்டும். டி.எல்.சி. தகட்டில் தெரிந்த அந்த நான்கு புள்ளியில் மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்று அறியும் ஆசை யாருக்கு வருகிறதோ அவரே இந்தப் படிப்புக்கு ஏற்றவர்.

3. ஆய்வுக் குறிப்பேட்டை அன்றன்றே, பேனாவால், தேதி போட்டு எழுதுங்கள். எடுத்த எடை, வேதிப்பொருளின் பாட்டில் எண், வெப்பநிலை, நேரம், தோற்றுப்போன சோதனை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தீசிஸ் எழுதும்போதும், பேப்பர் அனுப்பிய பின் நடுவர் கேள்வி கேட்கும்போதும் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் குறிப்பேடுதான்.

4. எம்.எஸ்சி. முடியும்வரை காத்திருக்காதீர்கள். பி.எஸ்சி. படிக்கும்போதே பெரிய ஆய்வகத்தின் உள்ளே போய்ப் பார்க்க வழி இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியும் மற்ற இரண்டு தேசிய அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் உதவித்தொகையுடன் வேலை பார்க்கலாம். ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தனித்தனியே இதுபோல நடத்துகின்றன. அகாதமிகளின் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே திறந்து மூடிவிடும். கோடை வந்த பிறகு கோடைப் பயிற்சி தேடுவதுதான் நம் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு தொகை தருகிறது. உங்கள் துறைத்தலைவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். தொகை சிறியதுதான். என்றாலும் நீங்களே திட்டம் எழுதிப் பணம் வாங்கிச் செலவு கணக்குக் கொடுத்த அனுபவம், பிறகு நேர்முகத் தேர்வில் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒன்று.

5. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வைக் கண்டு மிரளாதீர்கள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதி எல்லாப் பாடத்துக்கும் பொதுவான கணக்கும் தர்க்கமும்: 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். நம் பிள்ளைகள் இதை அலட்சியம் செய்துவிட்டுப் பாடப் பகுதியில் மல்லுக்கட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கை ஒழுங்காகத் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலான மதிப்பெண் கைக்கு வரும். வேதியியலில் இரண்டாம் பகுதியில் 40 கேள்வியில் 35, மூன்றாம் பகுதியில் 60 கேள்வியில் 25 எழுத வேண்டும். உயிர் அறிவியலில் 50-இல் 35, 75-இல் 25. கடைசிப் பகுதியில் ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு போய்விடும். ஆக, எல்லாவற்றையும் படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்கு வலுவான பகுதிகளை ஆழமாகப் படியுங்கள்.

தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது கூடுதல் சுமை என்பதை மறைக்க மாட்டேன். என் யோசனை இது: பாடத்தைத் தமிழில் யோசித்துப் புரிந்துகொள்ளுங்கள், பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்தில் போடுங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். கிளேடன், அட்கின்ஸ், லெனிஞ்சர் புத்தகங்கள் நூலகத்தில் இருக்கும். கைடுப் புத்தகத்தை மட்டும் நம்பி இந்தத் தேர்வுக்குப் போக வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் என்று பெயர். சொன்ன மாதத்தில் நடக்காமல் தள்ளிப் போவதும் உண்டு. அதனால் தேதியைத் தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பில் நேராகப் பாருங்கள். யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை நம்பாதீர்கள்.

6. நெட் ஒன்றுதான் வாசல் என்று நினைத்துவிடாதீர்கள். கேட் தேர்வில் வேதியியலும் உயிர் அறிவியலும் தனித் தாள்களாக இருக்கின்றன; அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். உயிர்த் தொழில்நுட்பத்துக்கு டி.பி.டி.யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு ஐ.சி.எம்.ஆரும் தனித் தேர்வுகள் வைக்கின்றன. பெங்களூரு என்.சி.பி.எஸ். போன்ற இடங்களுக்கு ஜீபில்ஸ் தேர்வு உண்டு. பல்கலைக்கழகத்தில் முதலிடம் வாங்கியவர்கள் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் இனத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மத்திய அரசின் தேசிய ஃபெலோஷிப்புகள் உள்ளன. நம் மாநில அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்வோருக்கு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. அதற்குத் தேர்வு நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம்.

இதில் எதுவுமே கைகூடவில்லையா? ஆய்வு நிலையங்கள் தங்கள் திட்டங்களுக்கு ப்ராஜெக்ட் அசோசியேட் எடுக்கின்றன. அறிவிப்பு அந்தந்த நிலையத்தின் இணையதளத்தில் வரும். பல சமயம் சான்றிதழோடு நேரே போய் நேர்முகத் தேர்வில் உட்காரலாம். ஓராண்டு சம்பளத்தோடு வேலை கற்றுக்கொண்டே நெட்டுக்குப் படித்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கியவர்கள் நிறைய. வீட்டில் உட்கார்ந்து படிப்பதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

7. பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். சி.எஸ்.ஐ.ஆர்., யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். வாங்குபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. இந்தத் தொகை உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் "இன்னும் எத்தனை நாள் படிப்பு" என்ற சண்டை பாதி அடங்கும். ஆனால் பணம் மாதாமாதம் முதல் தேதியில் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். சில மாதங்கள் தாமதமாகிச் சேர்த்து வருவது சகஜம். வந்ததும் மூன்று நான்கு மாதச் சாப்பாட்டுச் செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

உதவித்தொகை இல்லாத முழுநேரப் பி.எச்.டி.யில் சேர வேண்டாம் என்பதே என் அறிவுரை. நிலமோ நகையோ அடகு வைத்துப் படிக்க வேண்டிய படிப்பு இது இல்லை. உங்களிடம் பணம் கேட்டுப் பேப்பர் போட்டுத் தருகிறேன், தீசிஸ் எழுதித் தருகிறேன் என்று வருபவர்களை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பி.எச்.டி. சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்திருக்கலாம். அதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. கைடைத் தேர்ந்தெடுப்பதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். பலர் கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேர்கிறார்கள். ஆனால் ஐந்து ஆண்டு நீங்கள் வாழப் போவது அந்த ஒரு மனிதரின் ஆய்வகத்தில். பெண் பார்க்கப் போகும்போது நாலு பேரிடம் விசாரிப்பதுபோல இங்கும் விசாரியுங்கள்.

ஷோத்கங்கா என்ற தீசிஸ் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்தது. அதில் அந்தப் பேராசிரியரின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ் வரும். யார் எந்த ஆண்டு முடித்தார்கள், என்ன தலைப்பு என்று பாருங்கள். ஒரு தீசிஸின் நன்றியுரையைப் படித்தாலே அந்த ஆய்வகத்தின் காற்று எப்படி என்று ஓரளவு புரியும். அவருடைய கட்டுரைகளில் முதல் பெயர் மாணவருடையதா என்று பாருங்கள். பிறகு அங்கே இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேரிடமாவது, கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, தனியாகப் பேசுங்கள். கேட்க வேண்டியவை: சாதாரணமாக எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள்? பாதியில் போனவர்கள் யாராவது உண்டா, ஏன்? வேதிப்பொருள் வாங்கப் பணம் இருக்கிறதா, அல்லது மாணவரே கையிலிருந்து போடுகிறாரா? என்.எம்.ஆர்., மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுக்க எங்கே அனுப்புகிறார்கள்? கைடு வாரத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து தரவுகளைப் பார்க்கிறாரா? வீட்டு வேலை, வங்கி வேலை என்று ஏவுகிறாரா? பெண் பிள்ளைகள், அங்கே படிக்கும் பெண்களிடமே தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யு.ஜி.சி. விதியும் தெரிந்திருக்கட்டும். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது. படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பிறகு இரண்டு ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவமும் கூடி உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டம் நடக்கும் இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் கைடோடு பிணக்கு வந்தால் உங்களுக்குப் பேச இருக்கும் மேடை அதுதான்.

9. மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நூறு பேரும் திறந்து பார்க்காமல் தள்ளிவிடுவார்கள். ஒருவரின் சமீபத்திய இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தத் தகுதித் தேர்வில் தேறியிருக்கிறீர்கள் என்று இரண்டு வரி. இரண்டாம் பத்தியில் அந்தக் கட்டுரையில் உங்களுக்குப் புரிந்தது என்ன, எழுந்த சந்தேகம் என்ன என்று நான்கு வரி. மூன்றாவதில் நீங்கள் செய்து பழகிய வேலைகள், எப்போது சேரலாம் என்ற விவரம். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். உங்கள் தமிழ்வழிப் படிப்புக்காக மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

10. பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் தூரத்துக்கு ஓடாதீர்கள். செஞ்சியில் ரயில் இல்லை என்பது உண்மை. ஆனால் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புதுச்சேரியில் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், ஜிப்மர், கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையம், தாவரச் சேகரிப்புக்குப் பேர்போன பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சென்னையில் ஐ.ஐ.டி., சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம். சற்றுத் தள்ளி காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், திருப்பதியில் ஐசர்.

தோல் ஆராய்ச்சி நிலையம் என்றதும் தோல் பதனிடுவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பைத் தேடினார். அதற்கான மாதிரி, கங்காருவின் வால் தசைநாண், அந்த நிலையத்திலிருந்துதான் கிடைத்தது. 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழைச் சுருளை உலகுக்குச் சொன்னார்கள். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் இன்று உலகின் எல்லா உயிர்வேதியியல் பாடநூலிலும் இருக்கிறது. அவர் இயற்பியல்காரர், பொருள் உயிரியல், மாதிரி கொடுத்தது வேதியியல் நிலையம். எல்லாம் சென்னையில் நடந்தது. துறை எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கட்டடத்தின் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.

11. நம் மண்ணிலேயே கேள்விகள் கிடக்கின்றன. மல்லாட்டை எடுத்து வீட்டில் குவித்து வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஈரம் சரியாகக் காயாத கடலையில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரலில் புற்றுநோய் வரவைக்கும் நஞ்சு அது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது தேடிப் போனவர்கள், நிலக்கடலைப் பிண்ணாக்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். மேலே சொன்ன டி.எல்.சி. தகட்டில் அதை ஓட்டிப் புற ஊதா விளக்கில் காட்டினால் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிரும். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. இந்தப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர் எது, எதிர்த்து நிற்கும் ரகம் எது, களத்திலேயே குறைந்த செலவில் சோதிப்பது எப்படி என்று கேட்டால் வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல் மூன்றுக்கும் வேலை இருக்கிறது. டி.எம்.வி. 2 என்ற கடலை ரகத்தை 1940-இல் வெளியிட்ட எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம், நீங்கள் பஸ் மாறும் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்?

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டையும் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். அந்தக் கரிமப் பொருள்கள் சுண்ணாம்பின் படிக வளர்ச்சியை என்ன செய்கின்றன என்பது அருமையான வேதியியல் கேள்வி. கோட்டையின் ராஜகிரி மலைமேல் ஏறிப் புகைப்படம் எடுத்துவிட்டு இறங்கும்போது சுவரையும் கொஞ்சம் பாருங்கள். பக்கமலைக் காட்டுத் தாவரங்களையும் பல்லிகளையும் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது.

12. பெண் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும். 2022 விதிமுறைப்படி பெண் ஆய்வாளர்களுக்குக் கால வரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை எடுக்கலாம். நெட் ஜே.ஆர்.எஃப். வயது வரம்பிலும் பெண்களுக்குச் சலுகை இருக்கிறது. கல்யாணத்தைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்தாதீர்கள் என்று பெற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சென்னை இராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்த ஜானகி அம்மாள் கப்பலேறி அமெரிக்கா போய், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து கோயம்புத்தூரில் கரும்பு இனங்களைக் கலப்பினம் செய்தார். அந்தக் காலத்தில் அவருக்கு முடிந்தது, கையில் மாதம் 37,000 ரூபாயும் விடுதி அறையும் உள்ள உங்கள் மகளுக்கு முடியாதா?

13. போஸ்ட்டாக் தேடலைத் தீசிஸ் கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள். வைவா முடிந்த பிறகு தேடினால் ஓராண்டு வீட்டில் போய்விடும். உள்நாட்டில் இரண்டு ஆண்டுக்கான தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இருக்கிறது, முன்பு எஸ்.இ.ஆர்.பி. கொடுத்ததை இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை பார்க்கிறது. வெளிநாட்டில் ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ்., உயிர் அறிவியலுக்கு எம்போ, பிரிட்டன் ராயல் சொசைட்டியின் நியூட்டன் ஃபெலோஷிப், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி என்று பல உண்டு. மேரி கியூரிக்கு, போகும் நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்று நிபந்தனை. இந்தியாவிலிருந்து நேரே போகும் உங்களுக்கு அது சாதகம். திரும்பி வர நினைத்தால் டி.பி.டி.யின் ராமலிங்கசாமி ஃபெலோஷிப்பும் இன்ஸ்பயர் ஃபேகல்டியும் இருக்கின்றன.

பி.எச்.டி.யில் செய்ததையே போஸ்ட்டாக்கிலும் திரும்பச் செய்யாதீர்கள். புதிய கருவி, புதிய கேள்வி ஏதாவது ஒன்று கையில் சேர வேண்டும். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அதை வைத்துக்கொண்டு முன்னேறாமல், சான் டியேகோவில் உயிரியல் வகுப்பில் மறுபடி மாணவனாக இரண்டு ஆண்டு உட்கார்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்டாக் செய்தபோதுதான் ரைபோசோம் அவர் கைக்கு வந்தது. அதற்குப் பின்னும் ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்து எங்கும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்தார். 2009-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போஸ்ட்டாக்கை முடிவில்லாமல் நீட்டாதீர்கள். இரண்டு முடித்தும் நிலையான வேலை தென்படவில்லையென்றால் ஹைதராபாத், பெங்களூரு, சென்னை மருந்து நிறுவனங்களைத் தாராளமாகப் பாருங்கள். தொழிற்சாலையில் மருந்து தயாரிக்கும் வேதியியல்காரர் எந்தப் பேராசிரியருக்கும் தாழ்ந்தவர் இல்லை.

14. உடம்பும் மனசும் தாங்கவில்லையென்றால் சொல்லுங்கள். முதலில் வீட்டில், பிறகு ஆய்வுக் குழுவில் உள்ள வேறொரு பேராசிரியரிடம். கைடு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பாதியில் விட்டுவிட்டு வருவதும் ஒரு முடிவுதான். அதற்காக ஊரார் முகத்தைப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை. இரவில் தனியாகத் தவித்தால் டெலி மானஸ் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

15. கடைசியாக, இந்தப் பக்கத்திலிருந்து போய் ஏற்கெனவே பி.எச்.டி. முடித்து, ஜெர்மனியிலோ ஜப்பானிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, படித்த கல்லூரியின் துறைத்தலைவருக்கு முன்கூட்டியே ஒரு தகவல் சொல்லி, ஒரு மதியம் வகுப்பில் வந்து உட்காருங்கள். எந்தத் தேர்வு எழுதினீர்கள், யாருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது, முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதும் பிள்ளைகளுக்குத் தவறாமல் பதில் போடுங்கள்.